மீன்பிடித் தடைக்காலத்தில் பிரிண்டர் சும்மா கிடக்கலாமா?

கேள்வி: தங்கச்சிமடத்தில் வீட்டு முன்னறையிலேயே மீன் கமிஷன் கணக்கு பார்க்கிறோம். தினம் 30, 40 பில், படகுக் காகிதங்களின் நகல், பிள்ளைகளின் புராஜெக்ட்டுக்குக் கலர் பிரிண்ட் எல்லாம் வேண்டும். லேசர்தான் நல்லது என்கிறார் கடைக்காரர். கரண்ட் போனால் 850 விஏ இன்வெர்ட்டர்தான் கதி. எதை வாங்கலாம்?

பதில்: பில் மட்டும் என்றால் அவர் சொல்வது சரி. லேசரில் மைக்குப் பதில் இருக்கும் டோனர் என்பது தூள். மாதக்கணக்கில் கிடந்தாலும் காயாது, ஈரக்கை பட்டாலும் எழுத்து கலையாது. ஆனால் அந்தத் தூளை உருக்கித் தாளில் ஒட்டவைக்கும் ஃபியூசர் சூடேறும்போது ஆயிரம் வாட் வரைகூட இழுக்கும். உங்கள் இன்வெர்ட்டர் ஓவர்லோடு ஆகிவிடும். கலர் லேசருக்கு நான்கு டோனர் வாங்கித் தீராது. உங்களுக்கு, பாட்டில் மையைத் தொட்டியில் ஊற்றிக்கொள்ளும், பிரிண்ட், ஸ்கேன், நகல் மூன்றும் செய்யும் இங்க் டேங்க் ஆல்-இன்-ஒன் போதும். 20 வாட்டுக்குள் ஓடிவிடும்.

கறுப்பு மை பிக்மென்ட்டா (தண்ணீரில் கரையாதது), டையா (கரைவது) என்று கேட்டு, பிக்மென்ட்டாகப் பார்த்து வாங்குங்கள். டை மையில் அடித்த பில்லில் ஐஸ் தண்ணீர் சொட்டினால் தொகையே தெரியாது.

ஸ்கேனர் கண்ணாடி பெரும்பாலும் ஏ4 நீளம், 297 மி.மீ. மட்டுமே. 356 மி.மீ. லீகல் தாளில் உள்ள பத்திரத்தின் அடிப்பகுதி, கையெழுத்தோடு சேர்ந்து, வெட்டுப்படும். அந்த வேலை அடிக்கடி இருந்தால் லீகல் தாளைத் தானே இழுத்து ஸ்கேன் செய்யும் ஏடிஎஃப் உள்ள மாடலுக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம், இல்லையேல் வீண்.

இங்க் டேங்குக்கு எமன் தடைக்காலம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மூடிவைத்தால் தாளில் மையைத் தெளிக்கும் ஹெட்டில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். வாரம் ஒரு தடவை நான்கு நிறமும் வரும்படி ஒரு பக்கம் அடியுங்கள். சுவிட்ச் போர்டில் அணைக்காதீர்கள். பிரிண்டரின் பட்டனை அழுத்தினால்தான் ஹெட் தன் மூடிக்குள் போய் உட்காரும். கோடு விட்டு வந்தால் பிரிண்டரிலேயே இருக்கும் ஹெட் கிளீனிங்கை இரண்டு தடவை கொடுத்து, ராத்திரி முழுக்க விட்டுவிட்டு மறுபடி பாருங்கள். ஓயாமல் கிளீனிங் கொடுத்தால் மை எல்லாம் கழிவு மையை உறிஞ்சும் வேஸ்ட் பேடில் இறங்கும். பேட் நிறைந்தால் மெஷின் நின்றுவிடும். பேடை நாமே கழற்றி மாற்றும் மாடல்களும் உண்டு, அதைக் கேளுங்கள்.

கடல் ஈரத்தில் தாள் நமுத்து இரண்டிரண்டாக இழுக்கும். அன்றைக்குத் தேவையானதை மட்டும் ட்ரேயில் வைத்து, மிச்சக் கட்டை பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டுங்கள்.

வாரண்டியில் ஆண்டோடு பக்கக் கணக்கும் சேர்ந்திருக்கும், எது முந்துகிறதோ அதோடு முடியும். ரிப்பேருக்கு ஆள் வீட்டுக்கு வருவாரா, நீங்கள் மதுரைக்குத் தூக்க வேண்டுமா என்பதையும் பணம் கட்டுமுன் கேட்டுவிடுங்கள்.