வீட்டில் தண்ணீர் சிக்கனக் கழிப்பறைக்கு மாறினால் செலவுக்குத் தகுமா?

தகும். ஆனால் பின்னால் இருக்கும் ஃப்ளஷ் தொட்டியை மட்டும் மாற்றினால் தகாது, உட்காரும் கோப்பையையும் சேர்த்து மாற்ற வேண்டும். இது தெரியாமல் நான் இரண்டு தடவை செலவு செய்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது சென்னை மடிப்பாக்கத்தில், எட்டு வீடுகள் உள்ள அடுக்ககம். எங்கள் வீட்டில் ஐந்து பேர். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள், நினைவிருக்கும். எங்கள் போர்வெல் மே மாதமே காற்றை இழுக்க ஆரம்பித்துவிட்டது. லாரிக்குச் சொல்லிவிட்டு நாள்கணக்கில் காத்திருப்போம். 12,000 லிட்டர் லாரி வந்து சம்ப்பில், அதாவது தரைக்கடித் தொட்டியில், குழாயை விட்டால் எட்டு வீட்டு ஆட்களும் கீழே வந்து நிற்போம். அப்படி வாங்கிய தண்ணீரை மோட்டார் போட்டு மேலே ஏற்றி, தடவைக்குப் பத்து லிட்டராகச் சாக்கடையில் விடுகிறோமே என்று அப்போதுதான் உறைத்தது.

பத்து லிட்டர் என்பது அளந்து பார்த்த கணக்கு. நீங்களும் கடைக்குப் போகும் முன் அளந்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை. தொட்டி மூடியைத் திறந்து, தண்ணீர் நிற்கும் மட்டத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். கீழே, தொட்டிக்குத் தண்ணீர் வரும் குழாயில் இருக்கும் ஆங்கிள் வால்வை மூடுங்கள். ஃப்ளஷ் செய்யுங்கள். பிறகு ஒரு லிட்டர் மக்கால் எண்ணி எண்ணி ஊற்றி, பென்சில் கோடு வரை நிரப்புங்கள். எங்கள் பழைய தொட்டிக்குப் பத்து மக் முழுதாகப் போய், பதினோராவதிலும் பாதி போனது. நகரத்து வீடுகளுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று நம் கட்டட விதிகள் கணக்குப் போடுகின்றன. அதில் 45 லிட்டர் ஃப்ளஷ்ஷுக்கு மட்டும். மூன்றில் ஒரு பங்கு!

சரி, முதல் தடவை என்ன நடந்தது என்றால், பழைய கோப்பையை அப்படியே விட்டு, 6 லிட்டர், 3 லிட்டர் என்று இரண்டு பொத்தான் உள்ள தொட்டியை மட்டும் வாங்கி மாட்டினோம். ஒரு வாரம் கூட நிம்மதியாக இருக்க முடியவில்லை. ஒரு தடவை அமுக்கினால் முழுதாகப் போகவில்லை. எல்லோரும் இரண்டு தடவை அமுக்கினார்கள், அத்தை மட்டும் பக்கெட்டில் பிடித்து ஊற்றினார். மொத்தத் தண்ணீர்ச் செலவு முன்பைவிடக் கூடத்தான் போயிருக்கும். பிளம்பரைக் கூப்பிட்டேன். அவர் கோப்பைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "டேங்க் புதுசும்மா, கோப்பை பழசு. இது பத்து லிட்டர் விழணும்னு வார்த்தது. ஆறு லிட்டரை வச்சு இதால தள்ள முடியாது" என்றார்.

அவர் சொன்னது சரி. கோப்பையின் சரிவு, விளிம்புக்கு அடியில் தண்ணீர் இறங்கும் துளைகள், பின்னால் வளைந்து போகும், எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும் குழாயான டிராப், இவை மூன்றும் சேர்ந்துதான் எவ்வளவு தண்ணீர் போதும் என்பதைத் தீர்மானிக்கின்றன. கிராமங்களில் இரட்டைக் குழிக் கழிப்பறைக்கு வைக்கும் பேசினைப் பாருங்கள். சரிவு செங்குத்தாக இருக்கும், டிராப்பில் நிற்கும் தண்ணீரும் 20 மில்லிமீட்டர் ஆழம்தான். அதனால் அங்கே ஒன்றரை, இரண்டு லிட்டர் கையால் ஊற்றினாலே போய்விடுகிறது. கோப்பை அமைப்பு சரியாக இருந்தால் தண்ணீர் குறைவாகவே போதும்.

இரண்டாவது தடவை கோப்பையும் தொட்டியும் ஒரே செட்டாக வாங்கினோம், 9,200 ரூபாய். பழையதை உடைத்தெடுத்துப் புதியதை வைக்க, உடைந்த இரண்டு டைல்ஸ் மாற்ற, ஒயிட் சிமெண்ட், கூலி எல்லாம் சேர்த்து 3,000. வாங்கும் முன் ஒன்று பார்க்க வேண்டும். கழிவு தரைக்குள் இறங்கினால் எஸ் டிராப், சுவருக்குள் போனால் பி டிராப். எஸ் டிராப் என்றால் சுவர் டைல்ஸிலிருந்து தரைத் துளையின் நடு மையம் வரை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். 4, 9, 12 அங்குலம் என்று வெவ்வேறு அளவில் விற்கிறார்கள். தவறான அளவை வாங்கிவிட்டால் தரையை உடைக்க வேண்டிவரும்.

இப்போது கணக்கு. ஐந்து பேர், ஆளுக்கு ஐந்து தடவை என்று வையுங்கள். பழையதில் 250 லிட்டர். புதியதில் ஐந்து பெரிய ஃப்ளஷ், இருபது சின்ன ஃப்ளஷ் என்றால் 90 லிட்டர். தினமும் 160 லிட்டர் மிச்சம், 75 நாளில் ஒரு முழு லாரி. ஆனால் இது சின்னப் பொத்தானைப் பழகினால்தான். அத்தைக்கு எது எது என்று குழப்பமாக இருந்தது. அதனால் சின்னதன் மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவைத்தேன். அப்புறம் வந்து போகிற விருந்தாளிகளுக்கும் அதுவே அடையாளமாகிவிட்டது.

அடுக்ககத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். லாரிப் பணத்தை எட்டு வீடும் சமமாகப் பிரிப்பதால், நாங்கள் மிச்சம் பிடித்ததில் எட்டில் ஒரு பங்குதான் எங்கள் கைக்கு வந்தது. அதனால் அசோசியேஷன் கூட்டத்தில் இந்தக் கணக்கை எழுதிக்கொண்டு போய்ப் பேசினேன். இன்று எங்களோடு சேர்த்து ஆறு வீடுகள் மாற்றிவிட்டன. கோடையில் ஏறக்குறைய பன்னிரண்டு நாளுக்கு ஒரு லாரி குறைகிறது. எனக்கு மிகப் பெரிய சந்தோஷம் இதில்தான்.

தனி வீடாக இருந்து, கழிப்பறையிலிருந்து வெளியே இருக்கும் கழிவுநீர்த் தொட்டியான சேம்பர் வரை நீளமான குழாய் போகிறது என்றால், ஆகக் குறைவான 4 லிட்டர், 2 லிட்டர் மாடலுக்கு ஆசைப்பட வேண்டாம். தண்ணீர் குறைந்தால் கழிவு குழாயின் பாதி வழியிலேயே தங்கும். 6, 3 வாங்குங்கள், குழாய்க்கு வாட்டம் சரியாக இருக்கிறதா என்று பிளம்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். எங்களுக்குச் சுவருக்குப் பின்னாலேயே நேராக இறங்கும் குழாய், அதனால் அடைப்பே வந்ததில்லை.

போர்வெல் உப்புத் தண்ணீர்தான் இதற்குப் பெரிய எதிரி. தொட்டியின் அடியில் உள்ள ரப்பர் வளையத்தில் உப்புப் படிந்தால் சரியாக மூடாது. சத்தமே இல்லாமல், முடி போல ஒரு கசிவு இரவு பகலாகப் போய்க்கொண்டிருக்கும். மிச்சம் பிடித்ததெல்லாம் அதில் போய்விடும். மாதம் ஒரு தடவை, படுக்கப் போகும் முன் தொட்டியில் நாலு சொட்டு நீல இங்க் விட்டு, யாரும் ஃப்ளஷ் செய்யாமல் அரை மணி நேரம் கழித்துப் பார்ப்பேன். கோப்பைத் தண்ணீரில் நீலம் தெரிந்தால் கசிகிறது. வளையத்தைக் கழற்றி வினிகரில் ஊறவைத்துத் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இல்லையென்றால் புது வளையம் போட வேண்டியதுதான், அதற்குப் பெரிய செலவு இல்லை.

வாடகை வீட்டில் இருந்து, மாற்ற வழி இல்லையென்றால், ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் மணலும் தண்ணீரும் நிரப்பி, மூடி, மிதவையில் படாமல் பழைய தொட்டிக்குள் வையுங்கள். தடவைக்கு ஒரு லிட்டர் வரை குறையும். செங்கல் வைக்காதீர்கள், அது கரைந்து வால்வில் போய் அடைக்கும். பாட்டில் வைத்த பிறகு இரண்டு தடவை அமுக்க வேண்டியிருந்தால் எடுத்துவிடுங்கள்.