1985 பிப்ரவரியில் பிறந்தவர் எலியா, எருதா?

“நான் 1985 பிப்ரவரி 10 அன்று பிறந்தேன். உணவகச் சுவரில் ஒட்டியிருந்த சீன ராசிப் படம் 1985ஐ எருது என்கிறது. அலுவலகத்துச் சீன நண்பர் என்னை எலி என்கிறார். 2026 குதிரை ஆண்டு எலிக்கு ஆகாதாம். நான் எது? புத்தாண்டுக்கு முன் வீட்டில் ஏதாவது மாற்ற வேண்டுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஊர் வழக்கில் உங்கள் நண்பர் சொல்வதே சரி. 1984 பிப்ரவரி 2 அன்று பிறந்த எலி ஆண்டு, 1985 பிப்ரவரி 19 வரை நீடித்தது; மறுநாள்தான் சீனப் புத்தாண்டு. ஆங்கில ஆண்டை மட்டும் போட்டு எதிரே ஒரு விலங்கை அச்சிடும் படங்கள், ஜனவரியிலும் பிப்ரவரியிலும் பிறந்தவர்களைக் குழப்பாமல் விடுவதில்லை. ஆனால் பிறந்த நேரத்தை வைத்துச் சாதகம் கணிக்கும் சீன சோதிடரிடம் போனால், அவர் பெரும்பாலும் உங்களை எருது என்றே எழுதுவார். அவரும் தவறு செய்யவில்லை.

நமக்கு இது புதிய சிக்கலன்று. 2025 ஏப்ரல் 5 அன்று ஒரு குழந்தை பிறந்தது என்று வையுங்கள். தெலுங்கு வீட்டில் மார்ச் 30 அன்றே உகாதி முடிந்துவிட்டதால் அது விசுவாவசு ஆண்டுக் குழந்தை. தமிழ் வீட்டில் சித்திரை பிறக்கவில்லையாதலால் அது இன்னும் குரோதி. அறுபது பெயர்களும் இருவருக்கும் ஒன்றே. ஒருவர் நிலவைப் பார்த்து ஆண்டைத் தொடங்குகிறார், மற்றவர் சூரியனைப் பார்த்துத் தொடங்குகிறார். சீனர்களிடமும் பன்னிரண்டு விலங்குகளும் ஐந்து பூதங்களும் சேர்ந்து சுழலும் அறுபதாண்டு வட்டம் உண்டு. (நம் பிரபவ 1987இல் வந்தது, அவர்களுடைய முதல் ஆண்டு 1984, அதாவது உங்கள் எலி.) அந்த வட்டத்துக்குத்தான் இரண்டு தொடக்கங்கள் இருக்கின்றன.

ஒன்று, அமாவாசை நாளையே மாதத்தின் முதல் நாளாகக் கொள்ளும் சந்திரக் கணக்கு. பன்னிரண்டு மாதம் சேர்ந்தாலும் ஏறக்குறைய 354 நாள்தான் ஆவதால், 19 ஆண்டுகளில் ஏழு முறை ஒரு மாதம் கூடுதலாக வரும். 1984இல் பத்தாம் மாதம் இரண்டு முறை வந்தது. அதனால்தான் உங்கள் பிறந்த ஆண்டில் புத்தாண்டு பிப்ரவரி 20 வரை தள்ளிப்போயிற்று. மற்றொன்று, ஆண்டை 24 கூறுகளாக வகுக்கும் சூரியக் கணக்கு. அதன் முதற்கூறான லீச்சுன், அதாவது வசந்தத் தொடக்கம், பிப்ரவரி 4ஐ ஒட்டியே வரும். நீங்கள் இந்த இரண்டு நாள்களுக்கும் நடுவே பிறந்திருக்கிறீர்கள். சந்திரக் கணக்கில் எலி; சாதகம் கணிப்பவர் பெரும்பாலும் பின்பற்றும் சூரியக் கணக்கில் எருது.

2024இன் டிராகன் ஆண்டு பிப்ரவரி 10 அன்று தொடங்கி 2025 ஜனவரி 28 அன்று முடிந்ததால் அதற்குள் லீச்சுன் விழவே இல்லை. இத்தகைய ஆண்டை ‘கைம்பெண் ஆண்டு’ என்று சொல்லித் திருமணத்தைத் தவிர்ப்பவர்கள் உண்டு. அடுத்து வந்த பாம்பு ஆண்டிலோ இரண்டு லீச்சுன்.

நான் சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் குடியிருக்கிறேன். எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டியின் சமையலறையில் தாள் கிழிக்கும் தினசரி காலண்டர் ஒன்று தொங்கும். பெரிய எண்ணுக்குக் கீழே சீனத் திதி, செய்யத்தக்கவை, தகாதவை, அன்று எந்த விலங்குக்கு ஆகாது என்பவையெல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். நம் காலண்டரில் சந்திராஷ்டமத்துக்கு நேரே நட்சத்திரம் போடுவதை அவருக்கு விளக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. துடைப்பத்தை ஒளித்துவைப்பது, ஆரஞ்சுப் பழங்களை இணையாகக் கொடுப்பது, அங்பாவ் என்னும் சிவப்பு உறையில் பணம் தருவது ஆகியவற்றை அவர் புத்தாண்டு நாளை வைத்துச் செய்வார். வங்கியில் பணம் போடுவது மட்டும் லீச்சுன் அன்று. அந்த நாளில் இங்கே பணம் போடும் இயந்திரங்களின் முன் வரிசை நடைபாதை வரை நீளும்.

நம் வாஸ்துவைப் போன்ற ஃபெங் சுயியின் ஆண்டுக் கணக்கும் பொதுவாக லீச்சுனையே பின்பற்றுகிறது. ஆகவே 2026க்கு நீங்கள் பார்க்க வேண்டிய நாள் பிப்ரவரி 4; புத்தாண்டு நாளான பிப்ரவரி 17 அன்று. குதிரையின் திசை தெற்கு என்பதால் ஆண்டுத் தெய்வமான தாய்சுய் அங்கே இருப்பதாகக் கொள்கிறார்கள். ‘ஐந்து மஞ்சள்’ என்னும் தீய நட்சத்திரமும் அவ்வாண்டு தெற்கிலேயே இருக்கிறது. அதன்படி வீட்டின் தென்பகுதியில் உடைப்பது, துளையிடுவது, தரை பெயர்ப்பது ஆகாது. ஆன்ட்டி தம் குளியலறைக் கல் மாற்றும் வேலையை லீச்சுனுக்கு முன்பே முடித்துக்கொண்டார். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை; ஆனாலும் பழுதுபார்ப்பைத் தள்ளிப்போடாமல் முடிக்க இதைவிட நல்ல கெடு கிடைக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வெண்கலத் தவளை, மணி, கண்ணாடி என்று கடைக்காரர் எடுத்துவைக்கும் எதையும் வாங்காதீர்கள்.

இனி, எலிக்கு ஆகாது என்ற கவலைக்கு வருகிறேன். குதிரைக்கு நேர் எதிர்த்திசையில் இருப்பது எலி. அதனால் அது ‘மோதல்’. எருதாக மாறிக்கொண்டு தப்பலாம் என்று எண்ண வேண்டாம்: குதிரை ஆண்டில் தாய்சுய்க்கு வழிபாடு செய்ய வேண்டியவர்கள் பட்டியலில் குதிரை, எலி, முயல் ஆகியவற்றோடு எருதும் இருக்கிறது. நண்பருடைய மனநிறைவுக்காகக் சீனக் கோயிலில் பெயர் கொடுப்பதானால், பிறந்த தேதியையும் நேரத்தையும் முழுமையாக எழுதிக் கொடுங்கள். எந்த விலங்கு என்பதை அவர்களே தங்கள் கணக்குப்படி குறித்துக்கொள்வார்கள்.