வங்கி ஏலத்தில் வீடு வாங்க: எங்கே தேடுவது, எதைப் படிப்பது

வாசகர் கேள்வி: சொந்தத் தொழில் செய்கிறேன். கையில் 40 லட்ச ரூபாய் வரை இருக்கிறது. கடன் கட்டாததால் வங்கி எடுத்துக்கொண்ட வீடுகள் சந்தை விலையைவிடக் குறைவாகக் கிடைக்கும் என்கிறார்கள். ஒன்றை வாங்கி வாடகைக்கு விடலாம் என்று எண்ணம். இவற்றை எங்கே தேடுவது? "வங்கிக்குள்ளேயே ஆள் இருக்கிறது, முன்கூட்டியே சொல்கிறேன்" என்று ஒரு தரகர் 2 சதவீதம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். கடன் கட்டாதவரின் அடமானச் சொத்தை எடுத்து விற்க வங்கிக்கு அதிகாரம் தரும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி ஒரு சொத்தைப் பொது ஏலத்தில் விற்க வேண்டுமானால், வங்கி அதை ஊரறியச் செய்தாக வேண்டும். ஏல அறிவிப்பு இரண்டு நாளிதழ்களில் வர வேண்டும். அதில் ஒன்று அந்த வட்டாரத்து மொழி நாளிதழ். முதல் ஏலத்துக்கு 30 நாள் அவகாசம் தர வேண்டும். ஊருக்கே தெரிந்த செய்திக்குத் தரகுக் கூலி எதற்கு?

பொதுத்துறை வங்கிகளின் ஏலச் சொத்துகளை ஒரே இடத்தில் பார்க்க 'பேங்க்நெட்' இணையதளம் இருக்கிறது. 2025 ஜனவரியில் தொடங்கியது. மாவட்டம், சொத்தின் வகை, விலை என்று வடிகட்டித் தேடலாம். தனியார் வங்கிகளும் வீட்டுக்கடன் நிறுவனங்களும் தங்கள் சொந்தத் தளங்களிலேயே ஏலப் பட்டியலை வைத்திருக்கின்றன. அவற்றைத் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். கட்டணம் வாங்கிக்கொண்டு திரட்டித் தரும் தளங்களும் உண்டு. வசதிதான், ஆனால் அங்கே பார்த்ததை வங்கியின் மூல அறிவிப்போடு ஒப்பிடாமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

இதற்கெல்லாம் முந்திய கட்டம் ஒன்று இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதில்லை. ஏலத்துக்கு முன்பே, சொத்தைச் சுவாதீனம் எடுத்ததும் வங்கி ஓர் அறிவிப்பை நாளிதழில் வெளியிடும். கடன்தாரர் பெயர், பாக்கித் தொகை, சர்வே எண், நான்கு எல்லை எல்லாம் அதில் இருக்கும். ஏலம் வர அதன் பிறகு மாதக்கணக்கில் ஆகலாம். உங்கள் பகுதிச் சொத்துகளின் அறிவிப்புகளை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு வந்தால், ஏலத்தன்று மற்றவர்கள் முதல்முறையாகப் பார்க்கும் வீட்டைப் பற்றி உங்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும்.

அந்த இடைவெளியில் நேரடியாக வாங்கவும் வழி உண்டு. ஏல அறிவிப்பு வெளியாகும்வரை பாக்கியை முழுமையாகக் கட்டிச் சொத்தை மீட்கும் உரிமை கடன்தாரருக்கு இருக்கிறது. ஏலத்தில் போவதைவிடச் சற்று நல்ல விலைக்கு விற்றுக் கடனை அடைக்க அவரே விரும்பலாம். ஆனால் 60 நாளுக்குள் பாக்கியைக் கட்டச் சொல்லும் வங்கியின் நோட்டீஸ் வந்த பிறகு, வங்கியின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் அவர் சொத்தை விற்க முடியாது. ஆகவே மூன்று தரப்பும் உட்கார்ந்து பேசி, பணத்தை நேராகக் கடன் கணக்கில் கட்டி, மூலப் பத்திரத்தை வங்கியிடமிருந்து வாங்க வேண்டும். கடன்தாரர் கையில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வங்கியிடம் பிறகு பேசிக்கொள்ளலாம் என்பது ஆபத்து. இன்னொன்று: வீட்டை இழக்கப்போகிற குடும்பத்தோடு பேசுகிறீர்கள். அடிமாட்டு விலை பேசப் போவதாக இருந்தால் போகாமலே இருப்பது நல்லது.

இனி ஏல அறிவிப்புக்கு வருவோம். விலையைப் பார்க்கும் முன் சுவாதீனம் எந்த வகை என்று பாருங்கள். 'பிசிக்கல்' என்றால் வீடு பூட்டப்பட்டு சாவி வங்கியிடம் இருக்கிறது. 'சிம்பாலிக்' என்றால் கதவில் நோட்டீஸ் ஒட்டியதோடு சரி. உள்ளே ஆள் குடியிருக்கிறார். பல வீடுகள் மலிவாக வருவதற்கு இதுதான் காரணம். காலி செய்விக்க மாவட்ட ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ வங்கி மனுப்போட்டு உத்தரவு வாங்க வேண்டும். அது எப்போது முடியும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அதுவரை உங்கள் 40 லட்சத்துக்கு வாடகையும் இல்லை, வட்டியும் இல்லை. போக்கியத்துக்கு இருப்பவர் என்றால் தன் பணத்தைக் கேட்டு நிற்பார். வாடகை வருமானத்துக்காக வாங்கும் நீங்கள், முதல் தடவையாவது சாவி வங்கியிடம் உள்ள வீட்டை மட்டுமே பாருங்கள்.

அடுத்து 'உள்ளது உள்ளபடி' என்ற நிபந்தனை. எல்லா அறிவிப்பிலும் இருப்பதால் கண் அதைத் தாண்டிப் போய்விடும். சொத்து வரி, குடிநீர் வரி, அடுக்குமாடிச் சங்கத்தின் பராமரிப்புப் பாக்கி எல்லாம் உங்கள் தலையில் விழலாம் என்பதுதான் அதன் பொருள். பழைய உரிமையாளரின் மின் கட்டணப் பாக்கியை ஏலத்தில் வாங்கியவரிடம் கேட்க விதிகள் இடம் தந்தால் கேட்கலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மின் இணைப்பு எண்ணையும் வரி விதிப்பு எண்ணையும் வாங்கிப் பாக்கியைப் பார்த்து, ஏலத்தில் நீங்கள் போகத் தயாரான தொகையிலிருந்து கழியுங்கள். பார்வையிட வங்கி ஒரு நாள் குறித்திருக்கும். அன்று போவதோடு, இன்னொரு நாள் தனியாகவும் போய் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.

வங்கி கடன் கொடுத்த சொத்துதானே, பத்திரம் சுத்தமாகத்தான் இருக்கும் என்று நம்ப வேண்டாம். வில்லங்கச் சான்றை 30 ஆண்டுகளுக்காவது போட்டுப் பாருங்கள். வேறொரு வங்கியின் அடமானப் பதிவோ நீதிமன்ற ஜப்தியோ தென்பட்டால் வழக்கறிஞர் எழுதித் தரும் கருத்து இல்லாமல் நகராதீர்கள். கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் வழக்கு இருக்கிறதா என்பதை வங்கியின் அங்கீகரிக்கப்பட்ட அதிகாரியிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். தமிழ்நாட்டுத் தீர்ப்பாயங்கள் சென்னை, கோயம்புத்தூர், மதுரையில் இருக்கின்றன. வங்கியின் நடவடிக்கையை எதிர்த்துக் கடன்தாரர் 45 நாளுக்குள் அங்கே போகலாம். தடை விழுந்தால் உங்கள் பணமும் அதோடு நிற்கும்.

பணம் கட்டும் கெடு மிகவும் இறுக்கமானது. நீங்கள் 40 லட்சத்துக்கு ஏலம் எடுத்ததாக வையுங்கள். முன்வைப்புத் தொகையாக வழக்கமாகக் குறைந்தபட்ச விலையில் 10 சதவீதம், சுமார் 4 லட்சம், ஏற்கெனவே கட்டியிருப்பீர்கள். அன்றைக்கே, தவறினால் அடுத்த வேலை நாளுக்குள், அதையும் சேர்த்து 25 சதவீதம், அதாவது 10 லட்சம் ஆக வேண்டும். மீதி 30 லட்சம், விற்பனை உறுதி செய்யப்பட்ட 15-ஆம் நாளுக்குள். வங்கி எழுத்தில் சம்மதித்தால் மூன்று மாதம்வரை நீட்டிக்கலாம். தவறினால் கட்டிய 10 லட்சமும் போகும். முழுவதையும் பறிமுதல் செய்ய வங்கிக்கு உரிமை உண்டு என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வீட்டுக்கடனை நம்பி ஏலத்தில் இறங்குவதானால், கடன் ஒப்புதல் கையில் இருக்க வேண்டும்.

ஆகவே உங்கள் உச்சவரம்பு 40 லட்சம் அல்ல. முத்திரைத் தீர்வை, பழைய பாக்கிகள், பூட்டிக் கிடந்த வீட்டின் பழுது எல்லாம் இதே பணத்திலிருந்துதான் போக வேண்டும். 32, 33 லட்சத்துக்கு மேல் கை உயர்த்தாதீர்கள். அந்த விலைக்கு இந்தச் சுற்றில் அமையாவிட்டால் கவலை இல்லை. ஏலம் போகாத சொத்து மறுபடி வரும், பெரும்பாலும் குறைந்த விலையில். அப்போது 15 நாள் அறிவிப்பே போதும் என்பதால் கண்ணை எடுக்காமல் இருங்கள். மூன்று முறை வந்தும் யாரும் எடுக்காத வீடாக இருந்தால், ஏன் எடுக்கவில்லை என்று அதே தெருவில் விசாரித்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.