ட்ராக்கில் வாசித்தவர் எதிரியா?

அன்புள்ள ஐயா,

இருபத்திரண்டு வருடங்களாக மெல்லிசைக் குழுக்களில் ட்ரம்பெட் வாசிக்கிறேன். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று ஓடிய பிழைப்பு. முன்பு எங்கள் மேடையில் பதினான்கு பேர் இருப்போம். இப்போது ஒரு கீபோர்டு, ஒரு ரிதம் பேட், இரண்டு பாடகர்கள். மற்றதெல்லாம் லேப்டாப்பில் ஓடும் மைனஸ் ட்ராக், அதாவது பாடகர் குரல் இல்லாமல் முன்பே பதிவு செய்த வாத்திய இசை. என்னை மாதத்துக்கு இரண்டு மூன்று நாள் கூப்பிட்டால் பெரிது. சங்கம் வைக்கலாம் என்று எங்கள் ஊரில் சிலர் பேசினோம். மூத்த கலைஞர் ஒருவர், "வித்தையைக் கையில் வைத்துக்கொண்டு கொடி பிடிக்கப் போகிறீர்களா?" என்று கேட்டார். பேச்சு அதோடு நின்றுவிட்டது. ஸ்டுடியோவில் உட்கார்ந்து ட்ராக் வாசித்துக் கொடுப்பவர்கள்மேலும் எங்களுக்குக் கோபம் இருக்கிறது. அவர்களைச் சேர்க்கவே கூடாது என்கிறார்கள் பலர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? என் பெயர் வேண்டாம்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மூத்தவரின் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு மேளம் பேசப் போகிறவர்கள் வெற்றிலை பாக்கோடு முன்பணம் வைப்பது நம் ஊர் வழக்கம். தவில்காரருக்கு எவ்வளவு, தாளம் போடுகிறவருக்கு எவ்வளவு என்று செட்டுக்குள் பங்கும் உண்டு. அதனால் வித்தைக்கு இழுக்கு வந்ததாக யாரும் சொன்னதில்லை. சென்னையில் திரையிசைக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்டுவதில் முன்னின்ற எம்.பி. சீனிவாசனும் இசையமைப்பாளர்தான். சேர்ந்திசை என்றாலே இன்றும் அவர் பெயர்தான் நினைவுக்கு வருகிறது. ஒருவர் தனியாகக் கேட்டால் சன்மானம், பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் கூலித் தகராறு என்று பிரிப்பதை நான் ஏற்கமாட்டேன்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது கடைசி விஷயம். ட்ராக் வாசிப்பவர்களைச் சேர்க்கக் கூடாது என்பது. இதே சண்டையை அமெரிக்க இசைக்கலைஞர்கள் பல வருடங்கள் போட்டிருக்கிறார்கள். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மௌனப்பட காலத்தில் அங்கே பெரிய தியேட்டர்களில் திரைக்கு முன்னால் ஒரு வாத்தியக் குழு உட்கார்ந்து வாசிக்கும். 1927-க்குப் பிறகு பேசும் படம் பரவியது. சில வருடங்களுக்குள் ஏறத்தாழ 20,000 பேர் தியேட்டர் வேலையை இழந்தார்கள். அமெரிக்க இசைக்கலைஞர்கள் சம்மேளனம் 1896-லேயே தொடங்கிய வலுவான சங்கம். அது பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக விளம்பரம் கொடுத்தது. ஒரு ரோபோ வாத்தியம் வாசிப்பது போலப் படம் போட்டு, டப்பாவில் அடைத்த இசை வேண்டாம் என்று மக்களைக் கேட்டுக்கொண்டது. மக்கள் இரக்கப்பட்டார்கள், ஆனால் படம் பார்ப்பதை நிறுத்தவில்லை. "ட்ராக் போடாதே" என்று கல்யாண வீட்டாரைக் கேட்க நினைக்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

1940-இல் ஜேம்ஸ் பெட்ரில்லோ அதன் தலைவரானார். சிகாகோக்காரர், உங்களைப் போல ட்ரம்பெட் வாசித்தவர். அவர் சொன்ன ஒரு கருத்து எனக்கு மறக்கவே மறக்காது. ஐஸ் விற்றவனின் பிழைப்பை ஃபிரிட்ஜ் கெடுத்தது, ஆனால் ஃபிரிட்ஜை அவன் செய்யவில்லை. தன் பிழைப்பைக் கெடுக்கும் இயந்திரத்தைத் தானே செய்துகொடுக்கும் தொழிலாளி இசைக்கலைஞன் மட்டும்தான் என்றார் அவர். ஒருநாள் சம்பளத்துக்கு வாசித்துக் கொடுத்த இசைத்தட்டு வானொலியில் தினமும் ஓடுகிறது, அதனால் அந்த வானொலி நிலையம் வாத்தியக் குழுவை நிறுத்திவிடுகிறது. உங்கள் மேடையில் லேப்டாப் செய்வதும் இதுதான்.

1942 ஆகஸ்ட் 1 முதல் சங்க உறுப்பினர்கள் யாரும் இசைத்தட்டு நிறுவனங்களுக்கு வாசிக்கக் கூடாது என்று பெட்ரில்லோ அறிவித்தார். அது போர்க்காலம். நாடே அவரைத் திட்டியது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே கேட்டும் அவர் இறங்கி வரவில்லை. டெக்கா என்ற இசைத்தட்டு நிறுவனம் 1943 செப்டம்பரில் பணிந்தது. பெரிய நிறுவனங்களான ஆர்சிஏ விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பரில் கையெழுத்துப் போட்டன. விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சிறு தொகை சங்கத்தின் நிதிக்கு வரும். வேலையில்லாத கலைஞர்களைக் கூப்பிட்டு, சம்பளம் கொடுத்து, பொதுமக்களுக்கு இலவசக் கச்சேரி நடத்த அந்தப் பணம் பயன்பட்டது. பிறகு புதுச் சட்டம் வந்து சங்கமே நிதியை நடத்தக் கூடாது என்றபோது 1948-இல் மறுபடியும் வாசிப்பதை நிறுத்தினார்கள். வருட முடிவில் நிதி ஒரு தனி அறங்காவலர் கைக்குப் போனது. அந்த அறக்கட்டளை இன்றும் இருக்கிறது.

இழப்பும் உண்டு. ஜாஸ் மேதைகளான சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் ஏர்ல் ஹைன்ஸின் குழுவில் சேர்ந்து வாசித்தது 1943-இல். ஜாஸ் இசை தன் போக்கையே மாற்றிக்கொண்டிருந்த நேரம் அது. பதிவுக்கு வாசிக்கக் கூடாது என்ற தடையால் அந்தக் குழுவின் வணிகப் பதிவு ஒன்றுகூடக் கிடையாது. எனக்கு அது இன்றும் வருத்தம்தான்.

இன்னொன்று உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். பாடகர்கள் அந்தச் சங்கத்தில் இல்லை. நிறுவனங்கள் என்ன செய்தன? வாத்தியமே இல்லாமல், பின்னால் ஒரு கோரஸை நிற்க வைத்துப் பாடல்களைப் பதிவு செய்தன. ஃபிராங்க் சினாட்ராவின் 1943 பதிவுகள் சில அப்படி வந்தவை. வெளியே விட்டவர்களை வைத்தே போராட்டத்தில் ஓட்டை போட்டார்கள்.

அப்புறம் ஐம்பதுகளில் உள்ளுக்குள்ளேயே வெடித்தது. லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டுடியோ கலைஞர்கள், "வாசித்தது நாங்கள், பணம் மட்டும் பொது நிதிக்கா?" என்று கேட்டார்கள். பழைய படங்கள் தொலைக்காட்சிக்குப் போனபோது வந்த தொகைகூட அவர்கள் கைக்கு வரவில்லை. 1958-இல் செசில் ரீட் தலைமையில் பிரிந்து தனிச் சங்கம் தொடங்கினார்கள், ஸ்டுடியோ வாக்கெடுப்பில் ஜெயித்தார்கள். 1961-இல் பழைய சங்கத்துக்கே திரும்பினார்கள். பதிவில் வாசித்தவருக்கு ஒரு பங்கு, பதிவால் வேலை இழந்தவர்களுக்கு ஒரு பங்கு என்ற ஏற்பாடு அதன் பிறகுதான் வந்தது. இரண்டு தரப்பும் நியாயத்தோடுதான் இருந்தார்கள் என்று நினைக்கிறேன். ட்ராக் வாசிப்பவரும் ஒருமுறை காசு வாங்கிக்கொண்டு, அது ஆயிரம் மேடையில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்தான். பதிவு வணிகமாகப் பயன்படும்போது அதில் வாசித்தவருக்கு ராயல்டி உண்டு என்று நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் சொல்கிறது. அதைக் கேட்டு வாங்க அவருக்கும் ஆள் பலம் வேண்டும்.

வெளியே நிறுத்துவது என்றதும் சொல்லாமல் விட முடியாத ஒன்று. பெட்ரில்லோ வளர்ந்த சிகாகோவில் வெள்ளையருக்கு ஒரு கிளை, கறுப்பருக்கு ஒரு கிளை. ஒரே சம்மேளனம், ஒரே தொழில். 1966 வரை அப்படித்தான் இருந்தது. லாஸ் ஏஞ்சலஸில் நல்ல ஸ்டுடியோ வேலைகள் வெள்ளையர் கிளைக்கே போயின. பட்டி கோலெட், சார்லஸ் மிங்கஸ் போன்ற கறுப்பின ஜாஸ் கலைஞர்கள் இரு தரப்பையும் ஒரே இசைக்குழுவில் உட்கார வைத்து வாசித்துக் காட்டிப் போராடினார்கள். அங்கே 1953-இலேயே கிளைகள் இணைந்தன. உங்கள் ஊரில் பேண்டு செட்டுக்காரர்களும் பறையடிப்பவர்களும் அதே கல்யாணத்துக்குத்தான் வருகிறார்கள். மேடைக்குக் கீழே நின்று வாசித்துவிட்டு, பேசிய காசு வராமல் அதிகமாக அவதிப்படுகிறவர்கள் அவர்கள்தான். சங்கம் பற்றிப் பேசியபோது அவர்களைக் கூப்பிட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அவர்கள் இல்லை.

சரி, என்ன கேட்பது? நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்குகளில் ஒரு ஒப்பந்தம் உண்டு. இன்ன அரங்கம் என்றால் குறைந்தது இத்தனை கலைஞர்கள் வாசிக்க வேண்டும். 2003 மார்ச்சில் முதலாளிகள் அந்த எண்ணிக்கையை வெட்டப் பார்த்தார்கள், மறுத்தால் கணினி இசையை வைத்து ஓட்டுவோம் என்றார்கள். கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இந்தமுறை நடிகர்களும் மேடைத் தொழிலாளர்களும் உள்ளே போகவில்லை. இசை நாடகங்கள் ஏறக்குறைய எல்லாமே நின்றன. நான்கு நாளில் பேச்சு முடிந்தது. முழு வெற்றி இல்லை. பெரிய அரங்குகளில் 24, 26 என்று இருந்தது 18, 19 ஆகக் குறைந்தது. ஆனாலும் பதினெட்டுப் பேர் உட்கார்ந்து வாசித்தார்கள்.

உங்களுக்குப் பதினான்கு உடனே திரும்பாது. பெரிய திருவிழா மேடை என்றால் ட்ராக் ஓடினாலும் குறைந்தது ஏழெட்டுப் பேர் என்று கேட்கலாம். நள்ளிரவு தாண்டினால் கூடுதல் பேட்டா, நிகழ்ச்சி ரத்தானால் முன்பணம் திரும்பாது, இவற்றை எழுத்தில் கேட்கலாம். அந்த இரண்டு பாடகர்களும் "இவர்கள் இல்லாமல் ஏறமாட்டோம்" என்று சொன்னால்தான் இது நடக்கும். அவர்களிடம் முதலில் பேசுங்கள். கீபோர்டுக்காரரிடமும், ட்ராக் வாசிப்பவரிடமும், பேண்டு செட்டுக்காரரிடமும் பேசுங்கள்.

அந்த மூத்தவரை விட்டுவிடாதீர்கள். பதினான்கு பேர் மேடையில் யாருக்கு என்ன கொடுத்தார்கள், எந்த வருடம் யார் முதலில் நிறுத்தப்பட்டார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். நேரில் போய், உட்கார்ந்து, அதைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். உங்கள் கூட்டத்தில் முதலில் வாசிக்க வேண்டிய காகிதம் அது.

அன்புடன்