கூடம் உண்மையிலேயே கோணல்

அன்புள்ள ஐயா,

ராஸ்பெர்ரி பை 3 என்ற சின்னக் கணினிப் பலகை ஒன்றைக் குடும்பப் படங்களைச் சேமிக்கும் சர்வராக வைத்திருக்கிறேன். திரை கிடையாது, மடிக்கணினியிலிருந்துதான் உள்ளே நுழைவேன். முதலில் ராஸ்பெர்ரி பை ஓஎஸ், அடுத்து டெபியன், கடைசியாக உபுண்டு. எட்டு மாதங்களில் மூன்றுமே படுத்துவிட்டன. ஒவ்வொரு முறையும் மெமரி கார்டில் கோப்புகள் சிதைந்திருந்தன. நம்பி நிறுவக்கூடிய டிஸ்ட்ரோ (லினக்ஸ் தொகுப்பு) எது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உங்கள் வீட்டில் கூடம் உண்மையிலேயே கோணல் என்று சந்தேகிக்கிறேன். நீங்கள் மாற்றிய மூன்றும் டெபியன் குடும்பத்துப் பிள்ளைகள்தான். நான்காவதைத் தேட வேண்டாம். பலகைக்கு மின்சாரம் எதிலிருந்து போகிறது? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பழைய கைபேசி சார்ஜராக இருக்கும். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

பை 3 கேட்பது 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர் அடாப்டர். மின்னழுத்தம் சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் திரையின் மூலையில் மஞ்சள் மின்னல் குறி தோன்றும். திரையே இல்லாத வீட்டில் அது யாருக்காகத் தோன்றும்? ஆனால் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுதும் பதிவிலும் 'அண்டர்வோல்டேஜ்' என்று ஒரு வரி விழும்.

சார்ஜரைவிடக் கேபிள்மீதுதான் எனக்குச் சந்தேகம் அதிகம். மெல்லிய கேபிளின் மின்தடை கால் ஓம் என்று வையுங்கள். 1.6 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.4 வோல்ட் போய்விடும். 5 வோல்ட் பலகைக்கு வந்து சேரும்போது 4.6. என் பலகையின் 2-வது, 6-வது பின்களில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன் (கை தவறிப் பக்கத்துப் பின்னில் பட்டால் பலகை போய்விடும், கவனம்). சும்மா இருந்தபோது 4.95 காட்டியது. ஒரு நிரலைத் தொகுக்க (கம்பைல் செய்ய) விட்டதும் 4.58. கேபிளை மட்டும் மாற்றினேன். அதே வேலைக்கு 4.9-க்குக் கீழே இறங்கவில்லை.

கார்டு சிதைவது இதனால்தான். ஃபிளாஷ் நினைவகத்தைப் பெரிய பெரிய தொகுதிகளாகத்தான் அழிக்க முடியும். ஒரு வரிப் பதிவை எழுதுவதற்குக்கூடக் கார்டுக்குள் இருக்கும் சில்லு பக்கத்துத் தரவையும் இடம் மாற்ற நேரும். அந்த நொடியில் மின்சாரம் தள்ளாடினால், நீங்கள் தொடாத கோப்பும் சேர்ந்தே போகும். கோப்பு முறைமையின் ஜர்னல் (செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஏடு) கார்டுக்குள் நடக்கும் இதை எட்டிப் பார்ப்பதில்லை.

எனவே முதலில் அடாப்டரையும் கேபிளையும் மாற்றுங்கள். புதிய கார்டில் டெஸ்க்டாப் இல்லாத ராஸ்பெர்ரி பை ஓஎஸ் லைட்டே போதும். 1 ஜிபி நினைவகத்தில் டெஸ்க்டாப் வெறும் சுமை. படங்களைத் தனி மின்னிணைப்பு உள்ள வன்தட்டில் வையுங்கள். பலகையிலிருந்தே தட்டுக்கும் மின்சாரம் எடுத்தால் பழைய கதைதான்.

உபுண்டு இருந்த கார்டை இன்னும் அழிக்கவில்லை என்றால், லினக்ஸ் உள்ள கணினியில் செருகி, பழைய பதிவுகளில் அந்த 'அண்டர்வோல்டேஜ்' எத்தனை முறை வருகிறது என்று எண்ணி எழுதுங்கள்.