சிப் துறையின் மவுசு நான்கு வருடம் கழித்தும் இருக்குமா?

மகளை எலக்ட்ரானிக்ஸில் சேர்க்கலாம், ஆனால் அவள் படித்து முடிக்கும்போது சிப் துறைக்கு இதே மவுசு இருக்குமா என்று கேட்டிருந்தீர்கள். மவுசுக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. துறை இருக்கும், இன்னும் பெரிதாகவே இருக்கும் என்பது என் கணிப்பு.

2000-ல் உலகச் சிப் விற்பனை சுமார் 20,000 கோடி டாலர். 2024-ல் அது 60,000 கோடியைத் தாண்டிவிட்டது. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் நடுவில் 2001-ல், ஒரே வருடத்தில் விற்பனை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. 2019-லும் 2023-லும் மறுபடி இறக்கம். இது இந்தத் தொழிலின் பிறவிக் குணம். ஒரு ஃபேப் (சிப் தயாரிக்கும் தொழிற்சாலை) கட்டி முடிக்கவே இரண்டு மூன்று வருடம் ஆகும். தட்டுப்பாடு வந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் கட்ட ஆரம்பிப்பார்கள். உற்பத்தி தொடங்கும்போது சந்தை நிரம்பி வழியும். 2021-ல் சிப் கிடைக்காமல் கார் தொழிற்சாலைகள் நின்றன. அடுத்த இரண்டே வருடத்தில் மெமரி சிப்புகள் விற்காமல் தேங்கி, உற்பத்தியைக் குறைக்க வேண்டியதாயிற்று.

அதனால் உங்கள் மகள் இறக்கத்தின் நடுவில்கூட வேலை தேட நேரலாம். அப்போது கைகொடுப்பது அடிப்படைப் பாடம்தான்: டிஜிட்டல் சர்க்யூட், கணினிக் கட்டமைப்பு, ஓரளவு புரோகிராமிங். பெயரில் 'செமிகண்டக்டர்' என்று ஒட்டியிருக்கிற படிப்பு என்றால் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். சிலவற்றில் பெயர் மட்டும்தான் புதிது.

சிப் என்றாலே டிசைன் என்று நினைக்கிறார்கள். வரைந்த டிசைன் சரியாக ஓடுமா என்று சோதிக்கும் வெரிஃபிகேஷனுக்கும் ஏராளமான ஆட்கள் வேண்டும். ஒரு பிழை தப்பினால், மாஸ்க்கிலிருந்து (சிப்பில் சர்க்யூட் வடிவத்தைப் பதிக்கும் அச்சுத் தகடு) மறுபடி செய்ய வேண்டியிருக்கும், கோடிக்கணக்கில் செலவு. ஃபேபுக்குள் வேதியியல், இயற்பியல், மெக்கானிக்கல் படித்தவர்களுக்கும் இடம் உண்டு. சிப்புக்குள் இருக்கும் நுண்ணிய சுவிட்சான டிரான்சிஸ்டரை இன்னும் சுருக்குவது கடினமாகிவிட்டதால், பல சிப்புகளை ஒன்றாகக் கோக்கும் பேக்கேஜிங்கிலும் வேலை பெருகுகிறது. நான் அதைத்தான் உன்னிப்பாகக் கவனிக்கிறேன்.

சரி, மகளிடம் ஒன்று கேளுங்கள்: ஓடாத ஒரு சர்க்யூட்டோடு இரண்டு நாள் அலுக்காமல் உட்கார முடியுமா? பதிலை எழுதுங்கள், அப்புறம் கல்லூரி பற்றிப் பேசலாம்.