டிரெய்லர் விளக்கு கோளாறா? பல்பை விடுங்கள், எர்த்தைப் பாருங்கள்

கனடா வந்து முதல்முறையாகப் பழைய டிரெய்லர் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். இடது சிக்னல் போட்டால் வலதும் சேர்ந்து மினுங்குகிறது, பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு மங்குகிறது, பல்பு மாற்றியும் பலனில்லை என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு முதல் சந்தேகம் எர்த்துதான், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் வழி. இங்கே அதைக் 'கிரவுண்டு' என்பார்கள். அது கெட்டுவிட்டால், திரும்பிப் போக வழியில்லாத மின்சாரம் பல்பின் பக்கத்து இழைக்குள் புகுந்து, மற்ற ஒயர்கள் வழியாக வெளியேறப் பார்க்கிறது. அதனால்தான் சம்பந்தமில்லாத விளக்கெல்லாம் எரிகிறது.

காரையும் டிரெய்லரையும் இணைக்கும் நான்கு முனை பிளக்கில் வெள்ளை எர்த், பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடது சிக்னலும் பிரேக்கும், பச்சை வலது சிக்னலும் பிரேக்கும். ஆனால் பழைய டிரெய்லரில் முந்தைய சொந்தக்காரர் கையில் கிடைத்த ஒயரைப் போட்டிருக்கலாம்; நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

முதலில் கார் பக்கம். பிளக்கைக் கழற்றி, 12 வோல்ட் டெஸ்ட் லைட்டின் (மின்சாரம் வந்தால் எரியும் சோதனை விளக்கு) கிளிப்பைக் காரின் அடியில் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்டி, கார் பக்கப் பிளக்கில் பிளாஸ்டிக்குக்குள் இருக்கும் மூன்று துளைகளையும் அதன் ஊசி முனையால் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். பின்விளக்கு, இரண்டு சிக்னல், பிரேக் எல்லாவற்றையும் இன்னொருவர் போட்டுக் காட்ட வேண்டும். பிறகு கிளிப்பை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எர்த் முனைக்கு மாற்றி மறுபடி பாருங்கள். முதலில் எரிந்தது இப்போது எரியவில்லை என்றால் காரின் வெள்ளை ஒயரில்தான் கோளாறு. மல்டிமீட்டர் மட்டும் போதாது: ஒரே ஒரு இழையில் தொங்கும் ஒயர்கூட மீட்டரில் 12 வோல்ட் காட்டும், பல்பு எரியும் அளவு மின்சாரம் தராது.

ஏதாவது ஒரு துளையில் மின்சாரமே வரவில்லையா? ஃப்யூஸைப் பாருங்கள். பல வண்டிகளில் டிரெய்லருக்கென்று தனி ஃப்யூஸ் உண்டு. கார் விளக்கு எரிகிறது என்பதால் அது நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. போன ஃப்யூஸுக்குப் பதில் பெரிய ஆம்பியர் போடவே கூடாது. ஃப்யூஸ் சரி, ஆனாலும் வரவில்லை என்றால் கன்வெர்ட்டர் போயிருக்கலாம். சிக்னலுக்கும் பிரேக்குக்கும் தனித்தனி பல்பு உள்ள கார்களில் இரண்டையும் ஒரே ஒயரில் சேர்த்துத் தரும் சின்னப் பெட்டி அது.

கார் பக்கம் சுத்தம் என்றால் பிளக்கை மாட்டிவிட்டு, நீளமான ஒயர் ஒன்றின் ஒரு நுனியைக் காரின் இரும்பிலும் மறு நுனியை டிரெய்லர் சட்டத்திலும் அழுத்திப் பிடியுங்கள். விளக்குகள் ஒழுங்காகிவிட்டால் குற்றவாளி அகப்பட்டான். டிரெய்லரின் முன்பகுதியில் வெள்ளை ஒயர் போல்ட் போட்ட இடத்தைப் பளபளவென்று சுரண்டி, புது வளைய முனை வைத்து இறுக்குங்கள். டிரெய்லரை மாட்டும் கொக்கியின் குண்டு வழியாக எர்த் கிடைக்கும் என்று சிலர் வெள்ளையை விட்டுவிடுவார்கள். கிரீஸும் துருவும் படிந்த குண்டை நம்ப முடியாது.

அப்படியும் ஒரு பக்கம் மட்டும் தகராறு என்றால் அந்த விளக்கின் போல்ட்டைப் பாருங்கள். பல விளக்குகளுக்கு எர்த்தே அதுதான். குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு அங்கேதான் வேலையைக் காட்டும். பல்பு ஹோல்டரில் பச்சை பூத்திருந்தால் தேய்த்துவிட்டு, ஈரம் புகாமல் தடுக்கும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவுங்கள்.

ஒட்டு போடும்போது டேப் சுற்றி விடாதீர்கள், உள்ளே ஈரம் தேங்கும். சூடாக்கினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் குழாய் போட்ட கனெக்டர் வாங்குங்கள். கடைசியாகப் பின்விளக்கு, பிரேக், சிக்னல் மூன்றையும் ஒரே நேரத்தில் போட்டுப் பாருங்கள். பலவீனமான எர்த் தனித்தனியாகப் பார்க்கும்போது ஏமாற்றிவிடும்.